பதினைந்தாம் எண்ணின் வருகை

— சாவி உங்க சட்டைப் பையிலதான் சார் இருக்கு. அரை மணி நேரமா மேசை இழுப்பறையைக் கிளறறீங்க, ஜன்னல் விளிம்பைத் தடவறீங்க. நீங்க குனியறப்பல்லாம் பைக்குள்ள சத்தம் கேக்குது.

— அட, ஆமா டீச்சர். வயசாச்சில்ல. இந்த ஆபீஸ் ரூமை விட்டு ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் எந்த அலமாரிக்கு எந்தச் சாவின்னு கேட்டு என்னைத்தான் கூப்பிட்டு விடறாங்க. கேளுங்க டீச்சர், போன மாசம் ஒருத்தர் வந்து...

— விஷயத்துக்கு வாங்க. நாலு மணிக்கு ஸ்கேன் எடுக்கிறவங்க வந்துடுவாங்க. பழைய ரெஜிஸ்டர் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறப்போகுது. அதுக்கு முன்னாடி அந்தந்த வருஷத்து வகுப்பாசிரியர் தன்னோட பக்கங்களைப் பார்த்து, 'இதிலுள்ள பதிவுகள் யாவும் உண்மை'ன்னு கையெழுத்துப் போடணுமாம். எனக்கு லெட்டர் வந்திருக்கு. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.

— போட்டுடுங்க. எத்தனை ஆயிரம் கையெழுத்துப் போட்ட கை அது.

— எப்படி சார் போடுவேன்? பதினொண்ணாம் வகுப்பு, காமர்ஸ் பிரிவு, வரிசை எண் பதினஞ்சு. அப்படி ஒரு பொண்ணே கிடையாதுன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ரெண்டு பேரும் இப்ப இந்த ரூம்லதான் இருக்கோம்.

— மெதுவா பேசுங்க டீச்சர். பக்கத்து ரூம்ல புது கிளார்க் இருக்கார்.

— இனிமே எதுக்கு மெதுவா? எல்லாத்தையும் எழுதியே கொண்டுவந்துட்டேன். மூணு பக்கம். 'முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன், பிரிவு மூடப்படாமல் இருப்பதற்காக, இல்லாத மாணவி ஒருத்தியைப் பட்டியலில் சேர்த்தோம். அவளைப் பற்றிய பதிவுகள் அனைத்தும் பொய்.' கீழே நான் கையெழுத்துப் போட்டாச்சு. இந்தாங்க, உங்களுக்கும் இடம் விட்டிருக்கேன். நீங்க போடலைன்னாலும் நான் குடுக்கத்தான் போறேன். ஆனா உங்களுக்குத் தெரியாம குடுக்க மனசு வரல.

— 'அனைத்தும்'னே எழுதிட்டீங்களா?

— வேற எப்படி எழுதறது?

— சும்மா கேட்டேன். முதல்ல சாப்பிட்டுடலாமே டீச்சர். வீட்டுல உங்களுக்கும் சேர்த்து டப்பா கட்டிக் குடுத்தாங்க. காலையிலேர்ந்து நாலு தடவை சொல்லியாச்சு, 'டீச்சர் ரெண்டு பஸ் மாறி வருவாங்க, பேச்சை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சாப்பிட வைங்க'ன்னு.

— உங்க வீட்டுக்காரம்மாவை நான் பார்த்ததுகூட இல்ல. என் மேல என்ன இவ்வளவு அக்கறை?

— அவங்களுக்கு உங்களை நல்லாத் தெரியும்.

— சாப்பாடு இருக்கட்டும். முதல்ல இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. பயப்படறீங்களா சார்? உங்க பென்ஷனுக்கு ஏதாவது ஆகிடும்னு? 'யோசனை என்னுடையது, எழுத்தர் நான் சொன்னதைச் செய்தார்'னு தெளிவா எழுதியிருக்கேன்.

— அதுவும் பொய்தானே டீச்சர். யோசனை என்னோடது. அந்தச் சாயங்காலம் ஞாபகம் இருக்கா? இதோ, இந்த நாற்காலியிலதான் உக்காந்து அழுதீங்க.

— அழுதேனா? கண்ணுல தூசி விழுந்திருக்கும்.

— ரெண்டு கண்ணுலயும் ஒரே நேரத்துல விழுந்துச்சு. சேர்க்கைக்குக் கடைசி நாள் அன்னிக்கு. பதினஞ்சு பேர் இருந்தாத்தான் பிரிவு, பதினாலு பேர்தான் சேர்ந்திருந்தாங்க. மறுநாள் காலையில பிரிவை மூடிடுவாங்க. நீங்க வேற ஸ்கூலுக்குப் போயிடலாம், அந்தப் பதினாலு பேர்ல பாதிப் பேருக்குப் படிப்பே அதோட முடிஞ்சிருக்கும். அப்பத்தான் நான் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தேன்.

— எடுத்து, பெரிய வக்கீல் மாதிரி மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, 'பட்டியலில் குறைந்தது பதினைந்து மாணவர்கள்னுதான் டீச்சர் போட்டிருக்கு, பெஞ்சுலன்னு போடலையே'ன்னீங்க. அழுதுக்கிட்டிருந்தவ சிரிச்சுட்டேன். சிரிச்சது என் தப்பு. சிரிச்ச வேகத்துல, 'சரி, ஒரு பேரைப் போடுங்க'ன்னு சொல்லிட்டேன்.

— போட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க.

— நிஜமாவே கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன் சார். பேரு, பிறந்த தேதி, பழைய ஸ்கூல் டி.சி., ஒண்ணையும் பார்க்கல. பார்த்தா போட மாட்டேன்னு தெரியும். அன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டதை இன்னிக்குத் திறந்துக்கிட்டு எப்படிப் போடறது?

— ஒரு பொண்ணு பேரைப் போட்டுட்டேன்னு மட்டும் கோவிச்சுக்கிட்டீங்க.

— பின்னே? பையன் பேரைப் போடுங்கன்னேன். 'பையன்னா மத்த பசங்க விளையாடக் கூப்பிடுவாங்க, எங்கடா காணோம்னு தேடுவாங்க. பொண்ணுன்னா உடம்பு சரியில்லாம வீட்டுல இருந்து படிக்கிறான்னு சொல்லிடலாம்'னீங்க. எல்லாத்துக்கும் உங்ககிட்ட ஒரு பதில் இருக்கும். ஃபீஸுக்கு மட்டும்தான் பதில் இல்ல. மூணு தவணையும் என் சம்பளத்துலேர்ந்து போச்சு.

— ரெண்டு, டீச்சர். மூணாவது தவணைக்குப் பணத்தை நீட்டினீங்க, கட்டியாச்சுன்னேன்.

— ஆமா, நீங்க கட்டிட்டீங்க.

— நான் கட்டல.

— அப்புறம் யாரு?

— சொல்றேன். கேளுங்க டீச்சர், அதைவிடப் பெரிய கூத்து அந்த வருகைப் பதிவு. அதுக்கு நீங்க பட்ட பாடு இருக்கே.

— பேச்சை மாத்தறீங்க. ஆனாலும், அதை நினைச்சா இன்னிக்கும் சிரிப்பு வருது. 'ஒரு நாள் விடாம வந்தாலும் சந்தேகம், அடிக்கடி வராட்டியும் சந்தேகம்'னு சொல்லி, பதினாலு பேரோட வருகைக்கும் சராசரி போட்டேன். நூத்துக்கு எண்பத்தேழு வந்துச்சு. மாசத்துக்கு இருபத்திரண்டு வேலைநாள்னா, பதினஞ்சாம் நம்பர் மூணு நாள் லீவு போடணும். எந்த மூணு நாள்னு நானே முடிவு பண்ணினா என்னை அறியாம திங்கக்கிழமையாவே விழுந்துடும்னு, இருபத்திரண்டு சீட்டு எழுதி, சாக்பீஸ் டப்பாவுல போட்டுக் குலுக்கி...

— நான் எடுத்துக் குடுப்பேன்.

— நீங்க எடுத்துக் குடுப்பீங்க. மாசத்து முதல் நாளே அந்த மாசம் பூராவுக்கும் அவ வருகையை எழுதி முடிச்சுடுவேன். அவ்வளவு ஒழுங்கு. ஒரு வகுப்புக்குப் புள்ளியியலைப் பாடமா நடத்தினவ, அதையே வெச்சு மோசடி பண்ணினேன்.

— நீங்க பாடம் நடத்தினதைப் பேசுங்க டீச்சர். மோசடியை விடுங்க. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் உங்க வகுப்பு. நான் ரசீது எழுதறதை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். புத்தகத்துல இருக்கிற சிமெண்டு கம்பெனி, ஜவுளி வியாபாரம் எல்லாம் வேண்டாம்னுட்டீங்க. எல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்குதான். பசங்க நடத்தின பேனா பென்சில் கடைக்கு லாப நஷ்டம். ஆண்டு விழாவுக்கு எத்தனை டிக்கெட் வித்தா கையைக் கடிக்காதுன்னு கணக்கு. லேட்டா வர்றவங்களை வெச்சு சராசரி. நூலகப் புத்தகம் கிழிஞ்சதுக்கு ரெண்டு நாள் கோர்ட்டு நடந்துச்சே!

— ஆமா, பெஞ்சைத் திருப்பிப் போட்டுக் கூண்டு கட்டினாங்க. ஏழு பேர் நூலகருக்காக, ஏழு பேர் கிழிச்சதாப் பழி விழுந்த பையனுக்காக. புத்தகம் வாங்கறது ஒப்பந்தமா இல்லையா, கிழிச்சா ரெட்டை விலை கேக்கறது நியாயமா? தொண்டை கட்டிப்போச்சு எல்லாருக்கும். தீர்ப்பை எல்லாரும் எழுதிக் குடுங்கன்னேன். வகுப்புல இருந்தது பதினாலு பேர், பேப்பர் பதினஞ்சு வந்துச்சு. நீங்க இடது கையால எழுதிச் செருகிடுவீங்களே எப்பவும், அந்தப் பதினஞ்சாவது.

— என்ன எழுதியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?

— வரிக்கு வரி இருக்கு. 'குடுக்கும்போதே புத்தகம் கிழிந்திருந்ததா என்று நூலகர் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்தான் நஷ்டத்தை ஏற்கணும்.' என்னைக் குத்திக் காட்டறீங்கன்னு நினைச்சு ரெண்டு நாள் உங்ககூடப் பேசல.

— பேசலதான். ஏன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.

— தேய்மானக் கணக்குலயும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல எந்தப் பொருள் எவ்வளவு தேயும்னு கேட்டேன். எல்லாரும் பெஞ்சு, கரும்பலகை, பந்துன்னு எழுதினாங்க. பதினஞ்சாவது பேப்பர்ல, 'மணி தேயாது. மணி அடிக்கிறவர் கைதான் தேயும். அதை எழுதக் கணக்குல இடம் இல்லை'ன்னு இருந்துச்சு. நீங்கதானே அப்ப மணியும் அடிச்சீங்க. சுயபுராணம் பாடறாரு மனுஷன்னு நினைச்சேன். ஆனா அந்த லேட் கணக்கு மட்டும் என்னைத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

— அதுக்குத்தானே முதல் மணியைப் பத்து நிமிஷம் தள்ளி வெச்சாங்க.

— ஆமா. லேட்டா வர்றவங்க ஆறு பேர், சராசரி எட்டு நிமிஷம்னு எல்லாரும் போட்டுட்டாங்க. பதினஞ்சாவது பேப்பர்ல மட்டும்தான், 'இந்த ஆறு பேர்ல நாலு பேர் பொண்ணுங்க. வீட்டுல தண்ணி பிடிச்சு, சமைச்சு, தம்பி தங்கச்சியைக் கிளப்பிட்டு வர்றவங்க. குழாயில தண்ணி வர்ற நேரத்தையும் எழுதினாத்தான் இது கணக்கு'ன்னு இருந்துச்சு. ஹெச்.எம். கிட்ட அதை நீட்டினேன். மணி மாறிடுச்சு. ஆபீஸ்ல உக்காந்திருக்கிற ஆம்பளைக்குக் குழாய்த் தண்ணி நேரமெல்லாம் எப்படித் தெரியும்னு அப்ப ஆச்சரியமா இருந்துச்சு.

— எனக்கெங்க தெரியும் டீச்சர். இன்னிக்கும் தெரியாது.

— என்ன சொல்றீங்க?

— நல்ல வருஷம்னு சொல்றேன். இந்தச் சுவத்துல காதை வெச்சுக்கிட்டு இருந்த ஒரு வருஷம்தான் என் சர்வீஸ்லயே நல்ல வருஷம். அதைப் போய்ப் பொய்னு எழுதிக் குடுக்கணுமா?

— எனக்கும் அதுதான் நல்ல வருஷம். அதனாலதான் உறுத்துது. கேளுங்க சார், இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்புறம் நான் வேற ஊர்ல ஹெச்.எம். ஆனேன். புதுசா சேர்ந்த வாத்தியார் ஒருத்தர், வராத ரெண்டு பசங்களுக்கு வந்ததா எழுதிட்டார். பசங்களுக்கு வருகை குறைஞ்சா பரீட்சை எழுத முடியாதேன்னு இரக்கப்பட்டு எழுதினது. நான் அவரை நிக்க வெச்சு, 'வருகைப் பதிவேடு சட்டப்படி ஒரு ஆவணம்'னு பாடம் எடுத்து, ஒரு வருஷ இன்கிரிமென்ட்டை நிறுத்தினேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னப்ப எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் அந்த மழை நாள்தான்.

— அந்த அதிகாரி வந்தப்ப நடந்ததா?

— அதேதான். ஆத்துப் பாலத்துக்கு மேல தண்ணி போச்சு. எனக்கே பஸ் இல்ல, நான் வரல. வகுப்புல பதினாலு பேரும் வரல. மறுநாள் காலையில ஓடி வந்து, பதினாலு பேருக்கும் 'வரவில்லை'ன்னு வேகமா போட்டு முடிக்கறேன், வாசல்ல கல்வி அதிகாரி ஜீப் நிக்குது. அவர் ரெஜிஸ்டரைப் புரட்டறார். முந்தின நாள் கட்டத்துல பதினாலு பேரும் இல்ல. பதினஞ்சாம் நம்பர் மட்டும் ஜம்முன்னு வந்திருக்கா. மாசத்து முதல் நாளே நான் எழுதி வெச்ச வருகை!

— 'டீச்சரே வரல, ஒரு பொண்ணு வந்திருக்காளே'ன்னாரு. உங்க முகம் சுண்ணாம்பு மாதிரி ஆச்சு.

— 'எங்க அந்தப் பொண்ணு, கூப்பிடுங்க'ன்னாரே! நீங்கதான் கொஞ்சமும் அசராம, 'நேத்து நனைஞ்சதுல ஜுரம் சார், இன்னிக்குப் படுத்துட்டா'ன்னீங்க. அவர் நெகிழ்ந்துபோய், தன் பையிலேர்ந்து மை பேனாவை எடுத்து, 'இது அவளுக்கு என் பரிசு'ன்னு குடுத்துட்டுப் போனார். இல்லாத பொண்ணுக்கு, வராத நாளுக்குப் பரிசு. அந்தப் பேனாவை நான் தொடக்கூட இல்ல. நீங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க.

— நான் மழை பெஞ்ச அன்னிக்குப் பூரா ஸ்டோர் ரூம்ல டீச்சர். தண்ணி உள்ள வந்துடுச்சு. ரெஜிஸ்டரையெல்லாம் மேல்தட்டுல தூக்கித் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தேன். வீட்டுலேர்ந்து குடையைக் கொண்டுவந்து இந்த ஜன்னல் கம்பியில மாட்டிட்டுப் போயிருந்தாங்க, அதைக்கூட சாயங்காலம்தான் பார்த்தேன்.

— இன்னொரு விசித்திரம் அன்னிக்கு. மழைக்கு முந்தின நாள், பென்சில் கடையோட இருப்பாய்வை, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கமா, கரும்பலகை பூரா எழுதி வெச்சிருந்தேன். பதினெட்டு ரூபாய் உதைச்சுது. நானும் பதினாலு பேரும் மண்டையை உடைச்சுக்கிட்டும் நேராகல. அப்படியே விட்டுட்டுப் போனேன். மழைக்கு மறுநாள் வந்து பார்க்கறேன், ரெண்டு பக்கமும் நேராகி இருக்கு. நாம கம்பெனிக்குத் திருப்பி அனுப்பின ஒன்பது ரூபாய் நோட்டுப் புத்தகத்தை, பசங்க நமக்குத் திருப்பிக் குடுத்ததா நினைச்சு எதிர்ப்பக்கம் எழுதியிருந்தேன். ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. யாரோ அந்த வரியை அடிச்சு, இந்தப் பக்கம் எழுதி, கீழே ரெட்டைக் கோடு போட்டிருந்தாங்க. உங்களைக் கேட்டேன்.

— நான் இல்லன்னேன். நிஜமாவே நான் இல்ல.

— ஹெச்.எம்.மையும் கேட்டேன். அவருக்குக் கூட்டலே வராது. போகட்டும். மணி மூணேகால் ஆச்சு. அலமாரியைத் திறங்க சார். அந்த வருஷக் கடைசியில எனக்கு மாற்றல் வந்தப்ப, 'பதினஞ்சாம் நம்பர் டி.சி. வாங்கிட்டுப் போயிட்டான்னு எழுதி முடிச்சுடுங்க, அடுத்த வருஷத்துக்கு இந்தப் பொய் போகக் கூடாது'ன்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போனேன். அந்தப் பதிவை மட்டும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

— அந்தப் பதிவு இல்ல டீச்சர்.

— இல்லையா?

— நான் எழுதல. பன்னண்டாம் வகுப்பு ரெஜிஸ்டர்லயும் பதினஞ்சாம் நம்பர் இருக்கா. பொதுத் தேர்வு எழுதினா. பாஸ் பண்ணினா.

— என்ன சார் உளர்றீங்க? இல்லாதவ எப்படிப் பரீட்சை எழுதுவா?

— கோவிச்சுக்காம கேளுங்க. பேரைப் போடுங்கன்னு நீங்க சொன்னீங்க. எனக்கு இல்லாத பேரை உண்டாக்கத் தெரியல. பொய்ப் பேரு, பொய்த் தேதின்னு எழுதினா மாட்டிக்குவோம்னு பயம். அதனால இருக்கிற ஒரு பேரை எழுதினேன். பத்தாவது முடிச்சு, அதுக்கு மேல வேண்டாம்னு வீட்டுல நிறுத்தின ஒரு பொண்ணு. டி.சி. நிஜம். பிறந்த தேதி நிஜம். சேர்றதுக்குக் குறைஞ்ச வயசுதான் விதியில இருக்கு, அதிக வயசுன்னு எதுவும் இல்ல. அதையும் பார்த்துட்டுத்தான் எழுதினேன்.

— யாரோட பேரு?

— என் வீட்டுக்காரியோடது.

— என்ன?

— அன்னிக்குச் சாயங்காலம் போய், 'உன்னை ஸ்கூல்ல சேர்த்துட்டு வந்துட்டேன்'னு விளையாட்டாச் சொன்னேன். சிரிப்பான்னு பார்த்தேன். குழந்தையை என் கையில குடுத்துட்டு, உள்ள போய், பரண் மேல இருந்த பழைய புத்தகத்தையெல்லாம் எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சுட்டா. அப்புறம் அது விளையாட்டா இல்ல. நீங்க என்ன நடத்தறீங்களோ அதை நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து குறிப்பெடுப்பேன். அவ குழந்தையைத் தூங்க வெச்சுட்டுப் படிப்பா. நீங்க குடுக்கிற கேள்வித்தாளை நான் எடுத்துக்கிட்டுப் போவேன், மறுநாள் பதிலைக் கொண்டாந்து செருகுவேன். இடது கை எழுத்து இல்ல டீச்சர், அது அவ எழுத்து. மூணாவது தவணை ஃபீஸ், அவ துணி தைச்சுக் கட்டினது. 'டீச்சர் கட்டினது போதும், என் படிப்புக்கு நான் கட்டறேன்'னா.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— சொன்னா வகுப்புக்கு அனுப்புன்னு நிப்பீங்க. எட்டு மாசக் கைக்குழந்தை. பதினாறு வயசுப் பிள்ளைங்க நடுவுல இருபத்துநாலு வயசுல போய் உக்காரவா? அவளுக்கு வெக்கம். சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கினா. ரெண்டாம் வருஷம் அவ தங்கச்சி வந்து குழந்தையைப் பார்த்துக்கிட்டா, தைரியமும் வந்துடுச்சு. ஒரு நாள் விடாம வகுப்புக்கு வந்தா. உடம்பு சரியில்லாம இருந்த பொண்ணு தேறிட்டான்னு அந்தப் பதினாலு பேரும் நினைச்சாங்க. ஆனா அப்ப நீங்க இல்ல.

— முப்பத்துநாலு வருஷம் சார். நான் போற இடத்துக்கெல்லாம் இதைச் சுமந்துக்கிட்டுப் போயிருக்கேன். நீங்க ஒரு கார்டு போட்டு இறக்கி வெச்சிருக்கலாம்.

— தப்புதான். நீங்க மாற்றலாகிப் போன அன்னிக்குச் சொல்லிடலாம்னு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பதினாலு பேரும் உங்களைச் சுத்தி நின்னு அழறாங்க. இவ அந்தப் பக்கம் குழந்தையை வெச்சுக்கிட்டு, தூண் மறைவுல நின்னு அழறா. யாரை எங்க கொண்டுவந்து நிறுத்தறதுன்னு தெரியாம நான் திரும்பிட்டேன். அப்புறம் வருஷம் போயிடுச்சு. நீங்க மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன். நீங்க இப்படி எழுதி எடுத்துக்கிட்டு வருவீங்கன்னு நினைக்கல.

— இப்ப என்ன பண்றாங்க அவங்க?

— குடிநீர் ஆபீஸ்ல காசாளர். அந்தப் பன்னண்டாவது சர்ட்டிஃபிகேட்டை வெச்சுத்தான் வேலைக்குச் சேர்ந்தா. வர்ற மாசக் கடைசியில ரிட்டயர் ஆகறா. அந்த மூணு பக்கத்தை நீங்க குடுத்தா, 'இல்லாத மாணவி'ன்னு ஆயிடும். இல்லாத மாணவிக்குச் சர்ட்டிஃபிகேட் செல்லாது, வேலை செல்லாது, பென்ஷன் கிடையாது. சாவியைப் பையில வெச்சுக்கிட்டே நான் தேடினதுக்குக் காரணம் இதுதான்.

— அந்தக் காகிதத்தை இப்படிக் குடுங்க.

— என்ன பண்றீங்க டீச்சர்?

— கிழிக்கறேன், வேற என்ன பண்ணுவாங்க? சேர்க்கை உண்மை. பரீட்சை உண்மை. மத்த நாளுங்களையும் நான் பார்த்துக்கறேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் நடந்த பாடத்தை அன்னன்னிக்கே படிச்சிருக்கா. அதுக்குப் பேரு வருகைதான்னு யார் கேட்டாலும் சண்டை போடுவேன். ஆனா அந்த மழை நாளை மட்டும் என்னால விட முடியாது.

— டீச்சர்...

— அது வேற சார். வந்தான்னு சொல்லிப் பரிசு வாங்கினோம். அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல வந்து படிச்சான்னு ஒரு அதிகாரி நம்பிட்டுப் போனார். அதே தப்புக்கு நான் ஒருத்தரோட இன்கிரிமென்ட்டை நிறுத்தியிருக்கேன். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? பக்கத்து ஓரத்துல ஒரே வரி எழுதறேன். 'இந்தத் தேதியில் பதினைந்தாம் எண்ணின் வருகை என்னால் தவறாகப் பதியப்பட்டது.' அவ்வளவுதான்.

— ஒரு நூலைப் பிடிச்சா மொத்தத் துணியும் உருவிக்கிட்டு வந்துடும் டீச்சர். ஒரு நாள் பொய்னா மத்த நாளையும் தோண்டுவாங்க. ரிட்டயர் ஆக ஒரு மாசம்தான் இருக்கு அவளுக்கு.

— எனக்குத் தெரியாதா? எழுதாம போனா, சாகற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல. எழுதினா, அவ பொழைப்புல கை வைக்கிறேன். என்ன பண்ணச் சொல்றீங்க? அலமாரியைத் திறந்து ரெஜிஸ்டரை எடுங்க. ஆங், இதோ அந்தப் பக்கம். பேனா... இதுவும் இப்பத்தான் தீரணுமா? உங்க பேனாவைக் குடுங்க.

— ஏங்க, வெளியில தூறல் போடுது, குடையை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்க. வணக்கம் டீச்சர். கதவு திறந்திருந்துச்சு, வந்துட்டேன். டப்பாவை இன்னும் பிரிக்கவே இல்லையா?

— இவதான் டீச்சர்.

— வாம்மா. உள்ள வா. எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டிருந்தே?

— மழை நாளை மட்டும் விட முடியாதுன்னு நீங்க சொன்னப்ப வந்தேன். பேனா கேட்டீங்களே, இதுல எழுதுங்க டீச்சர். நல்லா எழுதும். முப்பத்துநாலு வருஷமா இதுலதான் எழுதறேன்.

— இது அந்த அதிகாரியோட பேனா.

— ஆமா டீச்சர்.

— இதை வெச்சே எழுதச் சொல்றியாம்மா? இவர் சொன்னது கேட்டுச்சில்ல? என் மேல கோபம் இல்லையா?

— உங்க மேலயா? இல்ல டீச்சர். எது உண்மையோ அதை எழுதுங்க. ஆனா எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆசை. அந்த வருஷம் பூரா இவர் வந்து சொல்லுவார், டீச்சர் தினமும் பதினாலு வரைக்கும் கூப்பிட்டுட்டு, ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, ரெஜிஸ்டரை மூடிடுவாங்கன்னு. ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடுங்க.

— சரிம்மா. அந்தப் பக்கம்தான் திறந்திருக்கு, அந்தத் தேதிதான். பன்னண்டு... பதிமூணு... பதினாலு... பதினஞ்சு.

— உள்ளேன் டீச்சர். இவர்கிட்டகூட நான் சொன்னதில்ல, திட்டுவாரேன்னு. அன்னிக்குக் குழந்தையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, குடையை ஜன்னல்ல மாட்டிட்டு, நான் வீட்டுக்குப் போகல. உங்க வகுப்பு காலியா திறந்து கிடந்துச்சு. மழை விடற வரைக்கும் முதல் பெஞ்சுல உக்காந்திருந்தேன். போர்டுல பதினெட்டு ரூபாய் உதைச்சுக்கிட்டிருந்துச்சு, அதை நேர் பண்ணி, கீழே ரெட்டைக் கோடு போட்டுட்டுத்தான் எழுந்து போனேன்.